இரண்டு மில்லிமீட்டர்

கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் அறுத்து, ஐந்து மில்லிமீட்டர் முன்னுக்கு இழுத்து, டைட்டானியம் பிளேட் வைத்து ஸ்க்ரூவை முடுக்கியாகிவிட்டது. ஒரு வருடம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் அந்தத் தாடை ஒன்றரை மில்லிமீட்டர் பின்னுக்குப் போயிருக்கிறது. ஆபரேஷன் வெற்றியா, தோல்வியா?

வெற்றிதான் என்பார்கள் இந்தத் துறை மருத்துவர்கள். 2 மில்லிமீட்டருக்குள் நகர்ந்தால் நகரவே இல்லை என்று வைத்துக்கொள்வது வழக்கம். 2-க்கும் 4-க்கும் இடையில் என்றால் பல்லுக்குப் போட்ட கிளிப்பை வைத்தே சமாளித்துவிடலாம். 4-ஐத் தாண்டினால் சிக்கல். இந்த அளவுகோலை ஊன்றி நிறுத்தியவர்கள் அமெரிக்காவில் சேப்பல் ஹில் நகரிலுள்ள வட கரோலினா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ப்ராஃபிட், டர்வி, பிலிப்ஸ் ஆகியோர். தங்கள் நோயாளிகளை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வரவழைத்து எக்ஸ்ரே எடுத்து, எந்தத் தாடை எவ்வளவு நிலைத்தது என்று பார்த்து, 1996-ல் ஒரு தரவரிசையை வெளியிட்டார்கள். 2007-ல் அதைப் புதுப்பித்தார்கள். தாடை அறுவை செய்துகொள்ளப்போகிற யாரும் கேட்கிற முதல் கேள்வி, ‘திரும்பவும் பழைய மாதிரி ஆயிடுமா டாக்டர்?’ என்பது. அதற்கு நேர்மையான பதில் இந்த வரிசையில்தான் இருக்கிறது. ஆனால் அது ஆம், இல்லை என்ற வடிவத்தில் இல்லை.

முதலில் யாருக்கு, என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். கீழ்த்தாடை பின்தங்கி மோவாயே இல்லாததுபோல் தெரிகிறவர்கள், கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முந்தி நிற்பவர்கள், முகம் நீண்டு, சிரித்தால் ஈறு முழுக்கத் தெரிகிறவர்கள், கடைவாய்ப் பற்கள் சேர்ந்தாலும் முன்பற்கள் சேராததால் ஒரு மாங்காய்க் கீற்றைக்கூட முன்னால் வைத்துக் கடிக்க முடியாதவர்கள், முகம் ஒரு பக்கம் கோணியவர்கள். இவர்களுக்குப் பல்லை மட்டும் நகர்த்திப் பயனில்லை. பல் நிற்கும் எலும்பையே நகர்த்த வேண்டும். அமெரிக்காவின் வீலிங் நகரில் சைமன் ஹல்லிஹென் என்ற மருத்துவர், தீக்காயத்தின் தழும்பு கழுத்தை இழுத்ததால் தாடை கோணிப்போன ஓர் இளம்பெண்ணுக்குத் தாடை எலும்பை அறுத்துச் சரிசெய்த விவரத்தை 1849-ல் வெளியிட்டார். அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு இது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்த துணிச்சல் வேலைதான். ஆஸ்திரியாவில் பிறந்து சூரிச்சில் பணியாற்றிய ஹூகோ ஒப்வேகெஸர் 1950-களில் கொண்டுவந்த வெட்டுதான் இதை ஒரு துறையாக்கியது. 1966-ல் அவர் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் அமெரிக்க மருத்துவர்களுக்கு வகுப்பெடுத்தபின் அது அட்லாண்டிக்கைத் தாண்டியது.

அந்த வெட்டு கெட்டிக்காரத்தனமானது. கடைசிக் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், காதை நோக்கி ஏறுகிற எலும்பை வாய்க்குள்ளிருந்தே அணுகுகிறார்கள். வெளியே தழும்பு விழாது. உட்பக்கம் நரம்பு நுழையும் இடத்துக்கு மேலே ஒரு கோடு, வெளிப்பக்கம் கடைவாய்ப் பல்லுக்கு அருகே ஒரு கோடு, இரண்டையும் சேர்க்க முன்விளிம்பில் ஒரு கோடு. மூன்றும் எலும்பின் பாதி ஆழம்தான். பிறகு உளியைச் செருகி மெல்லத் திருகினால், முழு உளுந்து பருப்பாக உடைவதுபோல் எலும்பு அதன் தடிமனிலேயே இரண்டாகப் பிளக்கிறது. வெளித்துண்டு மூட்டோடும் மெல்லும் தசையோடும் நிற்கும். உள்துண்டு பற்களையும், கீழுதட்டுக்குப் போகிற நரம்பையும், நாக்கையும் சுமந்துகொண்டு முன்னும் பின்னும் சறுக்கும். எவ்வளவு சறுக்கினாலும் இரண்டு துண்டும் அகலமான பரப்பில் தொட்டுக்கொண்டே இருப்பதால் எலும்பு கூடிவிடும். அந்த நரம்பு இழுபடுவதால் பல வாரங்களுக்கு உதடு மரத்துப்போயிருக்கும். சிலருக்கு அந்த மரத்தல் முழுதாகப் போவதேயில்லை.

மேல்தாடையை, பல் வேர்களுக்கு மேலாகக் கிடைமட்டமாக அறுத்து அப்படியே கீழே இறக்கிவிடுகிறார்கள். அறுக்கும் கோட்டுக்குப் பெயர் தந்தவர் ரெனே லெ ஃபோர். 1901-ல் பிணங்களின் மண்டையோடுகளை அடித்துடைத்து, முகம் எந்தெந்தக் கோடுகளில் பிளக்கிறது என்று வரைந்த பிரெஞ்சு மருத்துவர். இப்படி முழுதாகக் கழற்றிய மேல்தாடைக்கு ரத்தம் எங்கிருந்து வரும் என்ற பயம் வெகுநாள் இருந்தது. அண்ணத்தின் சதையும் ஈறும் வழியாக வரும் ரத்தமே போதும் என்று ரீசஸ் குரங்குகளில் செய்து காட்டினார் அமெரிக்காவின் வில்லியம் பெல்.

இனி நம் கதைக்கு முக்கியமான நிமிடம். முன்கூட்டியே செய்துவைத்த அக்ரிலிக் தகடு ஒன்றை மேல் பற்களுக்கும் கீழ்ப் பற்களுக்கும் இடையில் வைத்து, இரண்டு தாடைகளையும் கம்பியால் இறுக்கிக் கட்டுகிறார்கள். பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. ஆனால் வெளித்துண்டின் உச்சியில் இருக்கும் குமிழ், அதாவது காதுக்கு முன்னால் வாயைத் திறந்து மூடும்போது விரலுக்குத் தட்டுப்படுகிற அந்த உருண்டை, தன் குழிக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? அதைக் கண்ணால் பார்க்க முடியாது. நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். மயக்க மருந்தில் தசைகள் தளர்ந்து கிடக்கின்றன. மருத்துவர் அந்தத் துண்டைக் கையால் தள்ளி, கைக்குத் தெரிகிற அழுத்தத்தை நம்பி ஸ்க்ரூவை முடுக்குகிறார். பிறகு கட்டுக்கம்பியை வெட்டிவிட்டுத் தாடையைத் திறந்து மூடிப் பார்க்கிறார். குமிழ் குழியிலிருந்து சற்று இறங்கி நின்றிருந்தால் கம்பியை வெட்டிய உடனேயே கடி தப்பாக விழும். அப்படி விழுந்தால் ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடியும் செய்ய வேண்டியதுதான். கம்ப்யூட்டரில் முப்பரிமாணத் திட்டமும் அச்சிட்ட தகடும் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் இந்த ஓர் இடத்தில் கைப்பக்குவத்துக்கு வேலை மிச்சமிருக்கிறது.

முன்பெல்லாம் பிளேட் கிடையாது. எலும்பைக் கம்பியால் கட்டிவிட்டு, வாயையும் ஆறு வாரம் போலப் பூட்டி வைப்பார்கள். நோயாளி உறிஞ்சிக் குடித்தே நாளை ஓட்ட வேண்டும். 1970-களில் ஸ்க்ரூவும் சிறு பிளேட்டும் வந்தபோது, இனி நகர்த்திய தாடை நகர்த்திய இடத்திலேயே நிற்கும் என்று நம்பினார்கள். பாதி உண்மை. பிளேட் காப்பது வெட்டிய இடத்தை. வெட்டிய இடம் ஓரிரு மாதத்தில் கூடிவிடுகிறது, பெரும்பாலும் அங்கே தகராறு இல்லை. தாடை நகர்வது வேறிடங்களில்: மேலே மூட்டில், சுற்றிலும் தசையில், உள்ளே நாக்கில், விளிம்பில் பற்களில். எந்தப் பிளேட்டும் அங்கே எட்டாது.

அளப்பது எப்படி? காதுத் துளைகளில் இரண்டு குச்சிகளைப் பொருத்தித் தலையை அசையாமல் நிறுத்தி, பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கும் முறையை அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவர் பிராட்பென்ட் 1931-ல் வெளியிட்டார். அந்தப் படத்தின்மேல் கண்ணாடித்தாளை வைத்து மண்டையோட்டின் அடித்தளம், மேல்தாடை, கீழ்த்தாடை, பற்கள் என்று பென்சிலால் வரைவார்கள்; சிகிச்சைக்கு முன் கறுப்பு, முடிந்தபின் சிவப்பு. மண்டையின் அடித்தளம் வயது வந்தவர்களுக்கு மாறாது என்பதால் அதை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினால் தாடை நகர்ந்த தூரம் இரண்டு நிறக் கோடுகளுக்கு நடுவே இடைவெளியாகத் தெரியும். பென்சில் முனையின் தடிமனே அதில் ஒரு பங்கு என்பதை மறக்கக்கூடாது. 2 மில்லிமீட்டருக்குக் கீழே போய்ச் சண்டை போடாததற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது சி.டி. ஸ்கேன்களைக் கணினியே பொருத்தி, நகர்ந்த இடத்தை நிறம் பூசிக் காட்டிவிடுகிறது.

ப்ராஃபிட் குழு செய்த நல்ல காரியம் அளந்தது அல்ல, அளந்ததைச் சொன்ன விதம் என்பது என் எண்ணம். அதற்கு முன் வந்த ஆய்வுகள் சராசரியைச் சொல்லிக்கொண்டிருந்தன. நூறு பேருக்குக் கீழ்த்தாடையை முன்னே கொண்டுவந்ததாக ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். எண்பது பேருக்கு ஒன்றுமே நகரவில்லை. இருபது பேருக்கு 4 மில்லிமீட்டர் பின்வாங்கிவிட்டது. சராசரி 0.8 மில்லிமீட்டர். படிக்கிறவர் ‘அட, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லையே’ என்று நிம்மதியாகப் போய்விடுவார். 0.8 நகர்ந்தவர் என்று அந்த நூறு பேரில் ஒருவருமே இல்லை. இன்னும் மோசம், சிலருக்கு முன்னும் சிலருக்குப் பின்னும் நகர்ந்திருந்தால் ஒன்றையொன்று அடித்து சராசரி பூஜ்யத்துக்கே வந்துவிடும். தாடை அறுவையின் விளைவுகள் உண்மையிலேயே இப்படித்தான் விழுகின்றன: பெரும்பாலோருக்கு ஏதும் இல்லை, சிலருக்கு நிறைய. அதனால் அவர்கள் ‘எவ்வளவு நகரும்’ என்பதை விட்டுவிட்டு, ‘எத்தனை சதவீதம் பேருக்கு 2-ஐத் தாண்டும், எத்தனை பேருக்கு 4-ஐத் தாண்டும்’ என்று கேட்டார்கள்.

அப்படிக் கேட்டதும் வரிசை தெளிவாக விழுந்தது. மேல்தாடையை மேலே ஏற்றுவது, கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவருவது, மோவாயை மட்டும் நகர்த்துவது ஆகியவை உச்சியில் இருந்தன. முதல் ஆண்டில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் 2 மில்லிமீட்டருக்குள் நின்றார்கள். மேல்தாடையை முன்னே கொண்டுவருவது அடுத்த படி. பத்தில் எட்டுப் பேர் 2-க்குள். மீதிப் பேர் 2-க்கும் 4-க்கும் நடுவில். 4-ஐத் தாண்டியவர் ஏறக்குறைய இல்லை. இரண்டு தாடைகளையும் சேர்த்துச் செய்யும் அறுவைகள் பிளேட் போட்டால் நன்றாகவே நிற்கின்றன. அடிமட்டத்தில் மூன்று: கீழ்த்தாடையை மட்டும் பின்னுக்குத் தள்ளுவது, மேல்தாடையைக் கீழே இறக்குவது, எல்லாவற்றிலும் கடைசியாக மேல்தாடையை அகலப்படுத்துவது.

ஒரே எலும்பு. மேலே ஏற்றினால் நிற்கிறது, கீழே இறக்கினால் நிற்கவில்லை. காரணம் நாம் தினமும் செய்கிற காரியம்தான். ஒவ்வொரு கவளத்திலும் கீழ்ப்பற்கள் மேல்தாடையை மேல்நோக்கி இடிக்கின்றன. ஏற்றி வைத்த தாடைக்கு அந்த இடி அணை. இறக்கி வைத்த தாடைக்கு அதுவே எதிரி. இறக்கிய இடைவெளியில் எலும்புத் துண்டு வைத்தும், கெட்டியான பிளேட் போட்டும் மருத்துவர்கள் போராடுகிறார்கள். கொஞ்சம் பலன் உண்டு. அகலப்படுத்துவதில் வேறு எதிரி. அண்ணத்தின் தடித்த சவ்வு இழுபட்டு நின்று, விட்ட இடத்துக்கே எலும்பை இழுக்கிறது. சிறுவயதில் பிளவு அண்ணத்துக்குத் தையல் போட்டவர்களுக்கு இந்த இழுப்பு இன்னும் மோசம். தழும்பு சவ்வைவிட விறைப்பானது. அவர்களுக்கு ஒரே நாளில் இழுக்காமல், ஒரு கருவியின் ஸ்க்ரூவைத் தினமும் ஒரு மில்லிமீட்டர் போலத் திருகி எலும்பையும் சதையையும் சேர்த்தே வளரவைக்கும் வழியைச் சிலர் எடுக்கிறார்கள். ரஷ்யாவின் குர்கான் நகரில் இலிஸாரோவ் என்ற மருத்துவர் கால் எலும்புகளில் தொடங்கிய வேலை அது.

கீழ்த்தாடையைப் பின்தள்ளுவது ஏன் அடிமட்டத்துக்குப் போனது என்பது விசித்திரமான விஷயம். பற்கள் இருக்கும் துண்டைப் பின்னுக்குத் தள்ளும்போது, கை தவறி மூட்டுத் துண்டும் கூடவே பின்னுக்குச் சாய்ந்துவிடும். அந்தச் சாய்ந்த நிலையிலேயே இரண்டையும் ஸ்க்ரூவால் பிணைத்துவிட்டால், ஆபரேஷன் முடிந்து நோயாளி மெல்லத் தொடங்கியதும் மெல்லும் தசை தன் பழைய நிமிர்வைத் தேடி அந்தத் துண்டை நிமிர்த்தும். கூடவே மோவாய் முன்னால் வரும். பிளேட் துளியும் அசையாது, எலும்பு அழகாகக் கூடியிருக்கும், தாடை மட்டும் முந்திக்கொண்டிருக்கும். இங்கே பிளேட் எவ்வளவு உறுதியோ அவ்வளவு துல்லியமாகத் தவறையும் பாதுகாக்கிறது! அதோடு தாடையைப் பின்னுக்குத் தள்ளினால் நாக்குக்கு இடம் குறைகிறது, தொண்டையில் மூச்சு போகும் வழியும் ஒடுங்குகிறது. இப்போது கீழ்த்தாடை முந்தியவர்களில் பெரும்பாலோருக்கு மேல்தாடையை முன்னே கொண்டுவருவதையே முதலில் யோசிக்கிறார்கள். கீழே கை வைத்தாலும் கொஞ்சமாக.

முன்பற்கள் சேராதவர்களுக்குக் கீழ்த்தாடையை மட்டும் சுழற்றி முன்பகுதியை மேலே தூக்கி மூடுவது ஒரு காலத்தில் செய்யப்பட்டது. முன்னால் தூக்கினால் பின்கோடி கீழே இறங்கி, அங்கே பற்றியிருக்கும் தசை நீண்டு இழுபடும். நீண்ட தசை சும்மா இருக்காது. கம்பி காலத்தில் தாடை பெயர்ந்துகொண்டே இருந்தது. அதனால் மேல்தாடையின் பின்பகுதியை மேலே ஏற்றிவிட்டுக் கீழ்த்தாடை தானாகச் சுழன்று மூடிக்கொள்ள விடும் வழிக்கு மாறினார்கள்.

இதுவரை சொன்னது முதல் ஆண்டுக் கணக்கு. 2007 கட்டுரையில் வந்த திருப்பம் அதற்குப் பின்னால் நடப்பதைப் பற்றியது. எலும்பு கூடி, கிளிப் கழற்றி, எல்லோரும் கைகுலுக்கிப் பிரிந்தபின் என்ன நடக்கிறது? ஒன்றாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் ஆண்டு வரை பார்த்தபோது, எதிர்பார்த்ததைவிட அதிகம் பேருக்கு 2 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தது. அதைவிட முக்கியம், வரிசை தலைகீழாகியிருந்தது. முதல் ஆண்டில் கீழ்த்தாடை பின்தங்கியவர்களும் நீண்ட முகத்தினரும்தான் உறுதியாக நின்றார்கள். கீழ்த்தாடை முந்தியவர்கள் ஆட்டம் கண்டார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் முந்தியவர்கள்தான் அதிகம் நிலைத்தார்கள். பின்தங்கியவர்களிடம் கூடுதல் நகர்வு தெரிந்தது. முதல் ஆண்டு முடிவைப் பார்த்து நற்சான்று கொடுப்பதன் ஆபத்து இதில் தெரிகிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்த ஒரு சிறு குழுவில், கீழ்த்தாடை முன்னே வந்த தூரத்தில் பாதி போலத் திரும்பிப் போயிருந்தது. சிறு குழு என்பதால் அதையே விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரு வருடத்தோடு நிறுத்திய எந்த ஆய்விலும் அது கண்ணில் பட்டிருக்காது.

முந்தியவர்கள் முதல் வருடம் ஆடிப் பிறகு அடங்குவதற்கு, சாய்ந்த துண்டு நிமிர்ந்து முடிந்துவிடுவது காரணமாக இருக்கலாம். அவர்களுக்கு உள்ள வேறு ஆபத்து வளர்ச்சி. சில ஆண்களுக்குக் கீழ்த்தாடை இருபது வயதைத் தொட்டும் வளர்ந்துகொண்டிருக்கும். வளர்ச்சி முடியும் முன் அறுத்தால் மீதி வளர்ச்சி ஆபரேஷனைத் தின்றுவிடும். ஆகவே ஆறு மாதமோ ஒரு வருடமோ இடைவெளி விட்டு எடுத்த எக்ஸ்ரேக்களில் மாற்றம் இல்லை என்று தெரிந்தபிறகே கத்தியைத் தொடுகிறார்கள். பிறந்த தேதியை நம்புவதைவிட இது நல்லது.

பின்தங்கியவர்களின் கதை மூட்டில் இருக்கிறது. தாடையை முன்னே இழுத்தால் தசையும் தோலும் அதைப் பின்னுக்கு இழுக்கின்றன. அந்தச் சுமை குமிழின்மேல் விழுகிறது. பெரும்பாலோரின் குமிழ் கொஞ்சம் தேய்ந்து, வடிவம் மாறி, சமாதானமாகிவிடும். சிலருக்கு அது கரையத் தொடங்குகிறது. குமிழ் குட்டையாகக் குட்டையாகத் தாடை பின்னால் சுழல்கிறது, முன்பற்கள் மறுபடி விலகுகின்றன. இவர்களில் மிகப் பெரும்பான்மை இளம்பெண்கள்; குமிழ் சிறியதாக, அதன் கழுத்து பின்னோக்கிச் சாய்ந்ததாக, கீழ்த்தாடை செங்குத்தாக இறங்கிய நீண்ட முகமாக இருக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கு இதில் பங்கு உண்டா என்று ஆராய்கிறார்கள். இது ஆபரேஷனே செய்யாதவர்களுக்கும் வரும். தாடை பின்தங்கியதே அப்படிக் கரைந்ததால்தானா என்று சந்தேகப்பட வேண்டிய நோயாளிகள் உண்டு. அவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்காமல் தாடையை இழுத்து வைத்தால் கதை திரும்ப முதலிலிருந்து தொடங்கும்.

இவ்வளவு நகர்ந்தும் நோயாளிகளில் பலர் எந்தக் குறையும் சொல்வதில்லை. சேப்பல் ஹில் எண்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எலும்பு நகர்ந்தவர்களைவிடக் கடி மாறியவர்கள் குறைவு. தாடை இரண்டு மில்லிமீட்டர் பின்னுக்குப் போனால் கீழ் முன்பற்கள் முன்னுக்குச் சாய்ந்து, மேற்பல்லோடு இருந்த உறவை அப்படியே காப்பாற்றிவிடுகின்றன. நாக்கும் உதடும் சேர்ந்து அவற்றை அங்கே கொண்டுபோய் வைக்கின்றன. கண்ணாடியில் பார்க்கிறவருக்கும் கடித்துப் பார்க்கிறவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மண்டையின் அடித்தளத்தில் வைத்து ஒப்பிட்ட எக்ஸ்ரேக்கு மட்டும் தெரியும். இதை ஏமாற்று என்று நினைக்கத் தேவையில்லை. பல் செய்ய வேண்டிய வேலையைத்தான் செய்கிறது. இந்த நிலையில் மறுபடி அறுக்க எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். ஆனால் ‘பல் நன்றாகச் சேர்ந்திருக்கிறது, ஆகவே தாடை நகரவில்லை’ என்று யாராவது சொன்னால், அது அளக்காமல் சொன்ன பேச்சு.

பல்லுக்கும் தனியாகத் திரும்பிப்போகும் குணம் உண்டு. நார்வேயைச் சேர்ந்த ரைட்டன் என்ற ஆய்வாளர் நாய்களில் பல்லைத் திருப்பி வைத்துப் பார்த்தார். 232 நாள் பிடித்து வைத்திருந்தும் ஈற்றின் இழைகள் இழுபட்டபடியே இருந்தன. ஆபரேஷனுக்குப் பின், பல்லைப் பிடித்துவைக்கும் ரீடெய்னரை வருடக்கணக்கில் இரவில் போடச் சொல்வது அதனால்தான். போடாமல் விட்டு முன்பல் கோணியதைப் பார்த்து ‘தாடை திரும்பிவிட்டது’ என்று ஓடி வருபவர்கள் நிறைய.

உண்மையிலேயே திரும்பிவிட்டவர்களுக்கு என்ன செய்கிறார்கள்? குமிழ் கரைந்தவர்களிடம் அவசரப்படுவதில்லை. கரைவது நின்றுவிட்டதா என்று ஒரு வருடமோ அதற்கு மேலோ எக்ஸ்ரே வரிசையாலும் எலும்பு ஸ்கேனாலும் பார்த்து, அடங்கியபின் இரண்டாம் ஆபரேஷன். இந்த முறை மூட்டுக்குச் சுமை கூடாத திசையில், பெரும்பாலும் மேல்தாடையில். அடங்காவிட்டால் மூட்டையே எடுத்துவிட்டு, உலோகக் குமிழும் பாலிஎத்திலீன் குழியுமாகச் செயற்கை மூட்டு வைக்கிறார்கள். அது கரையாது, தசை எவ்வளவு இழுத்தாலும் குட்டையாகாது. நோயாளியின் அளவுக்கே செய்த அத்தகைய மூட்டுகளை அமெரிக்காவின் டல்லாஸில் இருபது ஆண்டுகள் போலத் தொடர்ந்து பார்த்து, நன்றாகவே வேலை செய்வதாக 2015-ல் எழுதியிருக்கிறார்கள். இருபத்திரண்டு வயதில் அதை வைத்துக்கொள்ளும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கணக்கு நாற்பத்திரண்டோடு முடிந்துவிடுகிறது.